வீரம்மா எழுதிய முப்பத்தாறு

வீரம்மா தாதியாகி இருபத்தைந்து வருடங்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். தோட்டம் கைமாறி மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டதும், குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போவின் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. கணவர் லாரி விபத்தில் போன பிறகு மகள் ஷாமினியைத் தனியாளாக வளர்த்தாள். மகள் இப்போது தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பு படிக்கிறாள்.

ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கோப் அறையில் அவளுக்கு வேலை. நோயாளிக்கு மயக்க ஊசி போட்டு, வாய்வழியாகக் கேமராக் குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்கும் அறை அது. மயங்கிக் கிடப்பவர் மூச்சு விடுகிறாரா என்று கவனிப்பதுதான் அவள் பொறுப்பு. விரலில் மாட்டும் கிளிப் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் காட்டும். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்கள் அது ‘தொண்ணூற்றெட்டு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் இன்னொரு கருவி. வெளிவிடும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்று அது அளக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு எழும். மூச்சு நின்றால் சில நொடிகளிலேயே கோடு தட்டையாகிவிடும்.

அந்தக் கருவிக்கு, ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடும் மெல்லிய குழாய் வேண்டும். குழாய் தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. பதிவுத்தாளில் மட்டும் அதற்கான கட்டம் இருந்தது. காலியாக விட்டால் தணிக்கையில் கேள்வி வரும்.

“முப்பத்தஞ்சு, முப்பத்தாறுன்னு போட்டு விடுங்கக்கா,” என்றாள் பொறுப்புத் தாதி. “எல்லாருக்கும் அதானே வருது. டியூப் வந்துட்டா சரியாயிடும் லா.”

முதல் நாள் வீரம்மாவுக்குக் கை கூசியது. இரண்டாவது வாரத்தில் கூசவில்லை.

குல்ஜார் பேகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். தெலுக் இந்தானில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் சலாஹுதீனின் மனைவி. ஐம்பத்தாறு வயது, பருத்த உடம்பு. மாதக்கணக்கில் வயிற்று வலி.

“மிஸ்ஸி, வலிக்குமாம்மா?” என்று வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் தெரியாதும்மா. தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிருக்கும்.”

ஊசி ஏறியதும் குல்ஜார் பேகம் பலமாகக் குறட்டை விட்டார். பாதியில் இருமித் திமிறவே, டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றச் சொன்னார். குறட்டை அடங்கியது. கேமராத் திரை தெரிவதற்காக விளக்கைக் குறைத்திருந்த அறையில் அந்த அமைதி வீரம்மாவுக்கு நிம்மதியாகவே இருந்தது. விரல் கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. அவள் கட்டத்தில் முப்பத்தாறு என்று எழுதினாள்.

பிறகு எண் சரிந்தது. தொண்ணூற்றொன்று. எண்பது. அறுபத்துநான்கு. அவள் விளக்கைப் போட்டபோது உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினார்கள். நெஞ்சை அழுத்தினார்கள். பதினொரு நிமிடம் கழித்து இதயம் திரும்பியது. குல்ஜார் பேகம் திரும்பவில்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது.

மருத்துவமனை பதிவுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டது. கடைசி வரை மூச்சு சீராக இருந்ததாக அதில் இருந்தது. அப்படியானால் வேறு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? விசாரித்ததில், பட்டினியாக வரச் சொல்லியிருந்தும், விடியற்காலையில் மனைவிக்கு ஒரு வாய் இஞ்சித் தண்ணீர் கொடுத்ததாகச் சலாஹுதீன் சொன்னார். அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

“நீங்க வாயத் தொறக்காதீங்கக்கா,” என்றாள் பொறுப்புத் தாதி. “ஷாமினி படிப்ப நெனச்சுப் பாருங்க.”

வீரம்மா நினைத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் போனது. சோறு இறங்கவில்லை. “என்னம்மா இப்படி எளைச்சிட்ட?” என்று மகள் கேட்டபோது, வேலை அதிகம் என்றாள்.

ஒருநாள் மதியம் மின்தூக்கி வாசலில் சலாஹுதீன் நின்றிருந்தார். மனைவிக்குத் தொண்டைக் குழாய் மாற்ற அழைத்து வந்திருந்தார். தாடி முழுதும் நரைத்துவிட்டிருந்தது. வீரம்மாவை அடையாளம் கண்டு அருகில் வந்தார்.

“மிஸ்ஸி, நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. உண்மையச் சொல்லுங்க. நான் கொடுத்த அந்த ஒரு வாய் இஞ்சித் தண்ணிதானா? அவ தொண்ட காயுதுன்னா, மனசு கேக்கல. எம் மகங்கூட இப்ப என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறான்.”

மின்தூக்கி வந்து திறந்து மூடிக்கொண்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

“இல்லண்ணே,” என்றாள் வீரம்மா. “தண்ணியில்ல. அவங்க மூச்சு நின்னுருச்சு, நாங்க பாக்கல. பாக்குற மெஷின மாட்டவே இல்ல. அந்தத் தாள்ல இருக்கற நம்பர் நானா எழுதுனது.”

கோபப்படுவார், கை ஓங்குவார் என்று அவள் காத்திருந்தாள்.

“நாலு மாசம்,” என்றார் அவர். “நாலு மாசமா நான் தொழுகையில உக்காந்து, என் பொண்டாட்டியக் கொன்னது நாந்தான்னு அழுதுக்கிட்டிருக்கேன். நீ இங்க வேலைக்கு வந்து போயிக்கிட்டிருந்திருக்க.”

படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வீரம்மா அதே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு மருத்துவமனை நிர்வாகத்திடம் கொடுத்தாள். விசாரணையில் பொறுப்புத் தாதி, தான் அப்படி எதுவும் சொன்னதே இல்லை என்றாள். குழாய் தீர்ந்தது தனக்குத் தெரியாது என்றார் டாக்டர். பொய்யாகப் பதிவு செய்தவள் வீரம்மா ஒருத்திதான் என்று முடிந்தது. வேலை போயிற்று, தாதி உரிமமும் இரண்டு வருடத்துக்கு நிறுத்தப்பட்டது. மருத்துவமனை சலாஹுதீனிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தது. இஞ்சித் தண்ணீர் காரணமில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகே மகன் அப்பாவோடு மறுபடியும் பேசினான் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

ஆயர் தாவாரில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது. ஷாமினி படிப்பை விடவில்லை. மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு படித்தாள். நடந்ததைச் சொன்னபோது மகள் அழுதாள். பிறகு, “முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா,” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம், மழைக்காலத்தில், குல்ஜார் பேகம் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. வீரம்மா விடுப்புக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறித் தெலுக் இந்தான் போனாள். வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போகத் துணிவில்லாமல் எதிர்ப்பக்கம், மூடியிருந்த கடையின் ஓரத்தில் தலைக்குத் துணி போட்டு நின்றாள்.

சலாஹுதீன் அவளைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

“ஒக்காரச் சொன்னாரு,” என்றார். “உள்ள மட்டும் வர வேணாம்னு சொன்னாரு.”

வீரம்மா உட்கார்ந்தாள். குல்ஜார் பேகத்தின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலியைத் துடைத்து, அந்த வீட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.