ஞானராஜ் அண்ணாச்சியின் வால்வுக் காது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவருக்குக் காது சோதனை செய்துகொண்டிருந்தேன். சோதனை அறையில் போன் சத்தம் கூடாது. ஞானராஜ் அண்ணாச்சியின் மனைவி ரூபி டீச்சர் மூன்று முறை கூப்பிட்டிருந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். திரும்ப அழைத்தபோது, "அவிய போயிட்டாவ லெச்சுமி. காப்பி குடிச்ச தம்ளரக் கூட கீழ வைக்கல. நாற்காலியிலயே சாஞ்சிட்டாவ" என்றார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே சத்தம் கேட்காத அறை என்பது அன்றைக்கு வசதியாக இருந்தது.

தூத்துக்குடியில் பழைய வால்வு சேர்ப்பவர்களுக்கு ஞானராஜ் அண்ணாச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாசரேத்துக்காரர். துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ரேடியோக்களிலும் மைக் செட்டுகளிலும் இருந்த கண்ணாடி வால்வுகளைத் தேடித் தேடி வாங்கி, ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் செருகி, எதில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். வால்வு உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டு பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தார். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போட்டுட்டுப் போக ஒரு ஜோடி சாக்ஸ் இல்ல இந்த வீட்டுல" என்பது ரூபி டீச்சரின் நிரந்தரப் புகார்.

நான் ஒரு காது ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன். சில வருடங்களுக்கு முன் அண்ணாச்சி அங்கே வந்து, "மேடம், எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். என் காது நல்ல காதுன்னு எழுதணும். சேவியர் வாயை அடைக்கணும்" என்றார். சேவியர் மைக் செட் கடைக்காரர். அவரும் உப்பளத்து மாரியப்பனும் சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் வால்வுகளோடு பிரையண்ட் நகரில் அண்ணாச்சி வீட்டுக்கு வருவார்கள். எது உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள். கடைசித் தீர்ப்பு அண்ணாச்சியுடையது. அந்தத் தீர்ப்பைத்தான் சேவியர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்.

சோதித்தேன். தாழ்ந்த சத்தமெல்லாம் நன்றாகவே கேட்டது. கீச்சுச் சத்தங்கள் வரும் இடத்தில் மட்டும் வரைபடத்தின் கோடு சரிந்து விழுந்தது. வயதானால் பலருக்கும் வருவதுதான் என்று சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது தெரிஞ்சா சனிக்கிழமை எவன் வருவான் மேடம்?" என்றார். காது போனதைவிட அதுதான் அவருக்குப் பயம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால், சேவியரும் மாரியப்பனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாளை எடுத்து நடுவில் போட்டார். "பாத்துக்கோங்கல. எனக்குப் பாதி கேக்காது. இனிமே தீர்ப்பு இந்தப் பிள்ள சொல்லும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா, நீ கேளு. நான் உன் மூஞ்சியப் பாக்கேன்" என்றார். மேடமாக இருந்த நான் அன்றோடு, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் 'ஏளா' ஆகிவிட்டேன். சேவியர் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றார். எடுத்தோம். திருவிழா திருவிழாவாக ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்கு அண்ணாச்சியைவிட மோசம்! அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வழக்கம்போல் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, மாரியப்பன் வால்வுகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு வால்வும் பத்து நிமிடம் சூடேறிய பிறகுதான் கேட்க வேண்டும் என்பது அண்ணாச்சி சட்டம். அந்தப் பத்து நிமிடத்தில் கல்யாணம், காய்ச்சல், கடல் காற்று எல்லாம் பேசி முடிந்துவிடும். மூன்றாவது வால்வில் புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதே கேட்கிறது என்று நான் பெரிய மனுஷியாகத் தீர்ப்புச் சொன்னேன். மற்றவர்களும் ஹெட்போனை வாங்கிக் கேட்டு, "ஆமா, அந்த மூச்சு!" என்றார்கள். தேநீர் கொண்டுவந்த ரூபி டீச்சர், "இந்த ஹெட்போன் வயர் பக்கத்துப் பெட்டியிலல்லா சொருகியிருக்கு? அப்படித்தான் சொருகணுமோ?" என்று கேட்டார். பக்கத்துப் பெட்டி வால்வே இல்லாத சாதா ஆம்ப்ளிஃபயர். பாட்டு இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒரு வால்வைக்கூட நாங்கள் கேட்கவில்லை!

வாயில் இருந்த மக்ரூன் இனிப்பு புரையேறும் அளவுக்கு அண்ணாச்சி சிரித்தார். "காது பொய் சொல்லாதுளா. நாமதான் முன்கூட்டியே பாடம் சொல்லிக் குடுத்து அனுப்புதோம்" என்றார்.

அவரை ஒரேயடியாக நல்லவராக்கவும் மாட்டேன். இரவல் கேட்டால் அசல் வால்வைத் தர மாட்டார். தேறாத ஒன்றைச் சாக்ஸில் சுற்றிக் கொடுப்பார். அவருடைய அருமை வால்வு ஒன்றை நான் வாய் தவறி "பல்பு" என்று சொல்லிவிட்டதற்கு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாசரேத்தில் அடக்கம் முடிந்து, வந்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். ரூபி டீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறார். டின்களை வரிசையாக வைத்து, "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றார். அண்ணாச்சிக்கு உண்மையிலேயே பிடித்த வால்வு எது என்று சேவியரும் மாரியப்பனும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். பொறுக்காமல் டீச்சரிடமே கேட்டேன்.

"அவியளுக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேட்டுச்சு. ஒங்கிட்ட காதப் பாத்துட்டு வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாவ. பெறகு எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டேன். 'ரூபி, எனக்குக் கேக்காட்டி என்ன, ஆளுங்க வாராங்கல்லா'ன்னாவ."

சண்டை நின்றுவிட்டது. மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்து, "ஒனக்கு எந்த டின்னு வேணும்?" என்றார்.

"டின் வேண்டாம் டீச்சர்" என்றேன். "சனிக்கிழமைய எனக்குத் தாங்க."

தந்துவிட்டார். அதனால் அண்ணாச்சியை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன்: இனி சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டு மாடியில். காது கேட்காதவர்களும் வரலாம்.