ஓரகத்தி வண்டியில் மட்டும் நாறவில்லை

மூன்றாவது புகாரும் வந்துவிட்டது. கடலூரிலிருந்து வந்த தம்பதி இரண்டு நாள் தங்குவதாக இருந்தவர்கள், மறுநாள் காலையிலேயே காலி செய்துகொண்டு போனார்கள். தங்கும் வண்டிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் வில்லியனூர் அன்புராஜ் போனில் சுருக்கமாகப் பேசினார்.

"வண்டிக்குள்ள செப்டிக் டேங்க் நாத்தமாம். இன்னொரு வாட்டி இப்டி வந்தா உங்க வண்டிய லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவேன்மா. வெள்ளிக்கிழம ஒரு குடும்பம் வருது. அதான் கடைசி."

செல்வகுமாரிக்கு வயது நாற்பத்து நான்கு. கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு போட்ட குடும்பத்தின் மூத்த மருமகள். நிலம் மனைகளாகி, அண்ணன் தம்பிக்குப் பங்கு வந்ததும் இளையவன் மனைவி வெண்ணிலா ஒரு பழைய வேனை வாங்கினாள். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து, நல்லவாட்டுக் கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தி வாடகைக்கு விட்டாள். கடல் பார்க்க வருகிறவர்கள் கேரவன் என்றதும் ஓடி வந்தார்கள். நான்கே மாதத்தில் செல்வகுமாரியும் ஒன்று கட்டினாள். அதே பட்டறை, அதே அளவு கழிவுத் தொட்டி, அதே தோப்பு. இருபதடிதான் இடைவெளி. இவளுடையதில் ஒரு ஜன்னல் அதிகம். அந்த ஜன்னலைச் சொல்லாமல் அவள் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை.

வண்டி வந்த வாரமே திருஷ்டிப் பானையும் ஏறிவிட்டது. கறுப்புப் பானை, வெள்ளைப் புள்ளி, பிதுங்கும் கண், தொங்கும் நாக்கு. கூரையில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டுகிற வீட்டில் கழியில் கவிழ்ப்பதுபோல அதன்மேல் கவிழ்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். யார் கண்ணுக்காக என்று கணவன் அரிகரன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

நாற்றம் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம். பினாயில் ஊற்றினாள். அந்துருண்டை போட்டாள். பிளீச்சிங் பவுடரை டப்பா டப்பாவாகக் கொட்டினாள். சாம்பிராணி போட்டதில் இரண்டு நாற்றமும் கலந்து மூன்றாவதாக ஒன்று வந்தது.

"வெண்ணிலாவ ஒரு வார்த்த கேளேன்" என்றான் அரிகரன்.

"கேட்டா ஊர் பூரா சொல்லிக்கினு திரிவா. நானே கண்டுபுடிக்கிறேன்."

கண்டுபிடிப்பது என்றால் ஒளிந்து பார்ப்பது. சவுக்குமரத்துக்குப் பின்னால் நின்று மூன்று நாள் பார்த்தாள். இரண்டு வண்டிகளின் கழிவுக்குழாயும் தோப்புக்காரரின் செப்டிக் டேங்குக்குத்தான் போனது. செல்வகுமாரி தன் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தாள், நாற்றம் வெளியே போகட்டும் என்று. போனது தண்ணீர் மட்டும். மற்றது தொட்டியிலேயே தங்கிக் காய்ந்தது. வெண்ணிலாவோ வால்வை மூடியே வைத்தாள். தொட்டி முக்கால்வாசி நிறைந்த பிறகே திறந்தாள். மொத்தமும் ஒரே வேகத்தில் போனது. உடனே மூடிவிட்டு, தொட்டிக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். பினாயிலைத் தொடவே இல்லை.

செல்வகுமாரி அத்தனையும் செய்தாள். தொட்டியை நிரப்பி ஊறவைத்து, இரண்டு முறை கழுவிவிட்டாள். நாற்றம் பாதியாகக் குறைந்தது. ஆனால் கழிவறையில் தண்ணீர் விடும்போதெல்லாம் புஸ்ஸென்று ஒரு மூச்சு மேலே வந்தது. புதன்கிழமை ஆகிவிட்டது. மறுபடியும் மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

"இன்னாக்கா, மரத்துக்கு முட்டுக் குடுக்கறியா?" வெண்ணிலா பின்பக்கமாக வந்து நின்றிருந்தாள்.

"காக்கா ஓட்டறேன்."

"மூணு நாளாவா? என் வண்டிய பாக்கறதுன்னா நேரா வந்து பாரேன். டீ போட்டுத் தரேன்."

"உன் வண்டியில பாக்க இன்னா இருக்குது? ஜன்னலு கூட ரெண்டுதான்."

"ஜன்னல வுடு. நாத்தம் போச்சா?"

செல்வகுமாரிக்கு முகம் சுருங்கியது. இவளுக்கு யார் சொன்னார்கள்? "பாதி போச்சு" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வெண்ணிலா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "அக்கா, அந்தக் குழா எதுக்கு வச்சிருக்கான்னு பட்டறைல சொல்லலியா? தொட்டில சேர்ற கேஸு அதுலதான் மேல போவும். நீ பானைய கவுத்து மூடிட்டியே. அது வண்டிக்குள்ளதான வரும்?"

செல்வகுமாரியும் அண்ணாந்து பார்த்தாள்.

"அங்க ஏன் வச்ச?"

"ஊர்ல எத்தினியோ கண்ணு."

"ஊர்லயா, இருபதடியிலயா?"

வெண்ணிலா ஏணியைத் தூக்கி வந்து சாத்தினாள். ஏறக் காலெடுத்து வைத்தவளைச் செல்வகுமாரி நகர்த்திவிட்டுத் தானே ஏறினாள். தன் பானையை வெண்ணிலாவின் கை தொடுவதை அவளால் பார்க்க முடியாது. கம்பியை முறுக்கி அவிழ்த்துப் பானையைத் தூக்கியதும், அத்தனை நாள் அடைந்திருந்தது மூஞ்சியில் அடித்தது. கண்ணில் நீர் வர, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பானையைச் சவுக்குமரத்தில் கட்டினாள்.

"இப்ப நேரா என் வண்டியதான் பாக்குது" என்றாள் வெண்ணிலா.

"அது கடல பாக்குது."

"கடலு அந்தப் பக்கம்க்கா."

வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து ஐந்து பேர் வந்து மூன்று நாள் தங்கினார்கள். அந்த மூன்று நாளும் செல்வகுமாரி, போன் அடிக்கும்போதெல்லாம் அரிகரனை எடுக்கச் சொன்னாள். திங்கட்கிழமை காலை அன்புராஜ் அழைத்தபோது தானே எடுத்தாள்.

"தங்கினவங்க நல்லா எழுதியிருக்காங்கம்மா. உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கும். பொங்கலுக்கும் ஒருத்தர் கேட்டிருக்காரு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னா எழுதியிருக்காங்க? படிங்க."

அன்புராஜ் படித்தார். "வண்டி படு சுத்தம். துளி வாடை இல்லை. பக்கத்தில் நின்ற வெண்ணிலா வண்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை."

"அவ பேர எதுக்கு இழுத்தாங்க?" என்றாள் செல்வகுமாரி.