எடை ஊதியாச்சு

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிற பெண்களுக்கு நொம்பப் பிடித்த சத்தம் ஒன்று உண்டு. மத்தியானம் கணக்கு எழுதுகிற ரைட்டர் தேவசிகாமணி கீழ் ரோட்டில், சில்வர் ஓக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஊதுவார். "எடை ஊதியாச்சு" என்று ஒருத்தி சொல்வாள். அவ்வளவுதான். மடியை அவிழ்த்துச் சாக்கில் கொட்டி, சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் சரிவில் இறங்கிவிடுவோம். முந்திப் போனவளுக்கு முந்தி எடை. முந்தி எடை போட்டவளுக்கு முந்திச் சோறு.

கலாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சத்தத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கலா மஞ்சக்குட்டை ஊர்ப் பெண். பத்தாவது வரை படித்தவள். ஜீப் ஓட்டுகிற நல்லமுத்துவைக் கட்டிக்கொண்டு எங்கள் கொட்டச்சேட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் அவளுக்குப் பழம் எடுக்கத் தெரியாது. காம்போடு பிய்ப்பாள். பச்சைக்காயையும் சேர்த்து உருவுவாள். "ஏனுங்க்கா, இது பழமா காயா?" என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். எங்களில் வாய் பெரியவள் வேலம்மாள். "இப்படிக் கேட்டுக் கேட்டுப் பறிச்சா, இந்த வருசத்துக் காப்பிய அடுத்த வருசந்தான் குடிக்கோணும்" என்று சிரிப்பாள்.

ஒரு பருவம் முடிவதற்குள் கலாவின் கை தேறிவிட்டது. கண் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும், கை பழத்தை மட்டும் தேடி எடுக்கும். "எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க்கா" என்பாள். யாருக்குத்தான் தெரியும்? கையாகப் படித்துக்கொள்கிறது.

அவளுக்குக் காமாட்சி என்று ஒரு அக்கா. வாழவந்திப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தாள். போன வருசத்துக்கு முந்தின வருசம் காட்டெருமை ஒன்று காமாட்சியை முட்டித் தூக்கிப் போட்டுவிட்டது. ஆண்டவர் உயிரைக் கொடுத்தார். இடுப்பு போய்விட்டது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். அதற்குப் பிறகு கலா சரிவில் நின்றால் ஒரு காது எப்போதும் புதர்ப் பக்கம்தான் இருக்கும்.

அதனால்தான், காட்டு மிருகம் வந்தால் ஆட்களை எப்படிக் காப்பது என்று சேலத்தில் பயிற்சி இருக்கிறது, யார் போகிறீர்கள் என்று ஃபீல்டு ஆபீசர் விஜயகுமார் சார் கேட்டபோது, கலா முதலில் கை தூக்கினாள். போய்ப் படித்துவிட்டு, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசிலோடு வந்தாள்.

பழம் காயவைக்கிற களத்தில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"விசில் ஊதுனா?"

"சாக்கைக் கீழ போடோணும்!"

"அப்பறம்?"

"மேல லைனுக்கு ஓடோணும்!"

"திரும்பிப் பாக்கலாமா?"

"கூடாது!"

கோயிலில் ஞானோபதேசம் ஒப்பிக்கிற மாதிரி சொல்வோம். லைன் என்பது மேலே நாங்கள் குடியிருக்கும் ஊடுகள். கலா எங்கள் முன்னால் நின்று ஊதுவாள். களத்திலிருந்து எழுந்து லைன் பக்கம் ஓடிக் காட்டுவோம். விஜயகுமார் சார் வந்து கேட்டபோது ஒருத்தி கூடத் தப்பாகச் சொல்லவில்லை. "நல்லா கத்துக் குடுத்திருக்கீங்க" என்றார். கலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மாசி பிறந்தது. மரத்தில் கடைசிப் பழம். லைனில் தண்ணீர்க் கஷ்டம். குழாயில் என்றைக்கு வரும், எந்நேரத்துக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. "தண்ணி வந்துருச்சு!" என்று ஒரு குரல் கேட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான். எங்களுக்கே இப்படி என்றால் காட்டு மிருகம் என்ன செய்யும்? அதுவும் தண்ணீர் தேடித்தான் எஸ்டேட் குட்டைக்கு இறங்கும்.

அது தவக்காலம். மத்தியானம் எடை நேரம் நெருங்கிவிட்டது. ரைட்டர் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. நானும் கலாவும் முன்னாலேயே கீழ் ரோட்டுக்கு இறங்கி, தராசைக் கிளையில் மாட்டிக்கொண்டிருந்தோம். மற்ற பெண்கள் எல்லாரும் மேலே சரிவில், செடிகளுக்குள். ஆள் தெரியாது, பேச்சுதான் கேட்கும்.

உண்ணிப் புதர் அசைந்தது. முதலில் கன்று வந்தது. பின்னாலேயே தாய்க் காட்டெருமை. கறுத்த மலை மாதிரி உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. எங்களுக்குக் கொஞ்சம் மேலே, பெண்கள் இறங்கி வருகிற ஒற்றையடித் தடத்தின் நடுவில் வந்து நின்றது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனசுக்குள் மரியே வாழ்க சொல்லத் தொடங்கினேன், அதுவும் பாதியில் மறந்துபோனது.

கலா விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள்.

மேலே பேச்சு நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த நொடியே சரிவிலிருந்து சந்தோசமாக ஒரு சத்தம்.

"எடை ஊதியாச்சு டோய்!"

செடிகள் அசைந்தன. மேலே போகவேண்டிய அசைவு எங்களை நோக்கிக் கீழே வந்தது.

கலா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி ஊதினாள், இன்னும் பலமாக. ஊத ஊத அவர்கள் வேகமாக இறங்கினார்கள். முன்னால் வந்தவள் வேலம்மாள்தான், குரல் கேட்டது.

"வாறோம், வாறோம்! உசுரு போறாப்பல ஊதாதீங்க ரைட்டரே!"

தாய் மாடு தலையைத் தூக்கி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது. கன்று அதன் வயிற்றுக்கு அடியில் ஒதுங்கியது.

கலா விசிலை விட்டுவிட்டுக் கத்தினாள். "மாடு! மாடு நிக்குது! மாடு!"

"யாரு மாடு?" என்றாள் வேலம்மாள் மேலே இருந்து. "சின்னன் மாடா? அது எந்நேரமும் காப்பிக்குள்ளதான் கெடக்கும். ஒரு கல்லெடுத்து வீசு புள்ள!"

எல்லாரும் சிரித்தார்கள். லைனில் இருக்கிற சின்னனுடைய பசு காப்பி நாற்றைத் தின்று தின்று எல்லாரிடமும் பேச்சு வாங்குகிற பசு. சிரிப்புச் சத்தம் கேட்டு எருமை மூச்சைச் சீறி விட்டது. முன்காலால் மண்ணைக் கிளறியது. வேலம்மாள் தலையில் இருந்த சாக்கு இப்போது செடிக்கு மேலே எங்களுக்குத் தெரிந்தது. சாக்கு சுமப்பவள் காலடியைத்தான் பார்த்து நடப்பாள், எதிரே பார்க்க மாட்டாள். இன்னும் ஒரு வளைவுதான்.

கலா கையை நெஞ்சில் வைத்து நின்றாள். அக்காவை நினைத்தாளோ என்னவோ. திடீரென்று இரண்டு கையையும் வாயில் குவித்து, லைன் வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில் கூவினாள்.

"தண்ணி வந்துருச்சு! லைன்ல தண்ணி வந்துருச்சு டோய்!"

சாக்கு நின்றது.

"என்னது?"

"தண்ணிங்க்கா! கொழாயில தண்ணி! ஓடுங்க, நின்னுரும்!"

தொப் தொப்பென்று சாக்குகள் விழுந்தன. ஒருத்தியும் கேள்வி கேட்கவில்லை. "எங்கூட்டுக் குடம் முன்னால இருக்குது, யாரும் நகத்தாதீங்க!" என்று யாரோ கத்திக்கொண்டே மேலே ஓடினாள். செடிகளின் அசைவு லைன் பக்கம் திரும்பி ஏறியது. வேலம்மாள் உதறிப்போட்ட சாக்கு தடத்தில் உருண்டு வளைவைத் தாண்டி வந்தது. எருமை அதை முட்டியது. கொம்பில் குத்தி ஒரு தூக்குத் தூக்கியது. பழமெல்லாம் சிவப்பாகச் சிதறி எங்கள் தலைமேல் கொட்டியது. நாங்கள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றோம். எங்கள் பக்கமாகவே அது கன்றோடு இறங்கிக் குட்டைக்குப் போனது. அதன் மூச்சு வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சுற்று ரோட்டில் நாங்கள் லைனுக்கு ஏறிப் போனபோது, பெண்கள் காலிக் குடங்களோடு குழாயைச் சுற்றி நின்றார்கள். வேலம்மாள் இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"ஏம்புள்ள கலா, கொழா காஞ்சு கெடக்குது. பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாமா? எம்பட சாக்கு எங்க உருண்டுதோ!"

கலா குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். வேலம்மாள் மெல்ல வந்து கலாவின் தலைமுடியில் சிக்கியிருந்த ஒரு காப்பிப் பழத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

விஜயகுமார் சார் வந்து, கிழிந்த சாக்கைப் பார்த்தார். எங்களைக் கேட்டார்.

"விசில் ஊதுனா என்ன பண்ணணும்?"

"சாக்கைக் கீழ போடோணும், மேல ஓடோணும்." எல்லாரும் ஒரே குரலில், சரியாக.

"அப்பறம் ஏன் கீழ வந்தீங்க?"

வேலம்மாள் நிசமாகவே விளங்காமல் கேட்டாள்.

"விசில் எங்கீங்க சார் ஊதுச்சு? எடையில்லீங்களா ஊதுச்சு?"

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ரைட்டர் இத்தனை வருசமாக ஊதுவதும் விசில்தான். ஆனால் நாங்கள் அதை ஒரு நாளும் விசில் என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது எடை. களத்தில் கலா எதிரில் நின்று ஊதினால் விசில். செடிக்குள் ஆள் தெரியாமல் கேட்டால் எடை. சத்தம் ஒன்றேதான்.

கலா கயிற்றைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "எனக்கு வேணாமுங்க சார். வாய்க்குத்தான் சொல்லிக் குடுத்தேன். காலுக்குச் சொல்லிக் குடுக்கல. இன்னைக்கு எங்க அக்கா மாதிரி எத்தன பேரு..." அதற்கு மேல் அழுதுவிட்டாள்.

அவர் விசிலை வாங்கவில்லை. "இங்க எடைக்கும் இதையேதான் ஊதறோம்னு எனக்கும் தோணலீங்க. நானும் தினம் கேட்டுட்டுத்தான இருக்கேன்" என்றார். "இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க."

எடைக்கு வேறு சத்தம் என்று முடிவானது. ஆபீஸ் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றைக் கிளையில் கட்டினார்கள். ரைட்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு முந்தியிருந்து ஊதறேன். இனி கோயில் மணியாட்டம் அடிக்கோணுமா?" என்றார்.

"அடிங்க ரைட்டரே, புண்ணியம்" என்றாள் வேலம்மாள்.

மற்றது கலாவின் பாடு. களத்தில் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல், நாங்கள் செடிக்குள் பழம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தாவது ஊதுவாள். முதலில் பாதிப் பேர் கீழே இறங்கினோம். பிறகு நின்றோம், யோசித்தோம், திரும்பினோம். "யோசிக்கிற நேரத்துக்குள்ள முட்டிருமுங்க்கா" என்பாள். எங்களுக்கு எரிச்சல்கூட வந்தது. மடி நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு சும்மா மேலே ஏறி இறங்கினால் யாருக்குத்தான் வராது? பருவம் முடிந்தது. மழை வந்தது. களை எடுக்கும்போதும் ஊதினாள், உரம் போடும்போதும் ஊதினாள். ஒரு நாள் கோயிலுக்குப் போகிற வழியில் என்னிடம் கேட்டாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னேனுங்களே, பாவமாக்கா?"

"அந்தக் கணக்கை ஆண்டவர் உன்பேர்ல எழுத மாட்டாரு கண்ணு."

"பாவமில்லன்னாலும், இனி ஒருக்கா தண்ணின்னா ஆரும் ஓட மாட்டாங்க. அடுத்த தடவைக்கு எங்கிட்ட இந்த விசில் மட்டுந்தானுங்க இருக்குது."

அடுத்த பருவம், மார்கழி. சரிவு முழுக்கப் பழம், சரிவு முழுக்கப் பெண்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள், நானும் கலாவும் களத்தில் பழம் பரப்பிக்கொண்டிருந்தோம். கீழிருந்து விசில் கேட்டது.

கலாவின் கை தன் கழுத்துக்குப் போனது. அவள் விசில் அவள் கழுத்திலேயே இருந்தது.

"நான் ஊதலீங்க்கா."

என்னுடைய கால் எனக்கு முன்னால் லைன் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. கலா எதிர்ப்பக்கம், கீழ் ரோட்டுக்கு ஓடினாள். "போகாத கண்ணு!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

ரோட்டில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரைட்டர் தனியாக நின்றார். கையில் அவருடைய பழைய விசில். சரிவில் ஒரு செடியும் அசையவில்லை. தடத்தில் சாக்குகள் விழுந்து கிடந்தன. ஒரு ஆளும் இல்லை. கலா அந்தச் சாக்குகளையே பார்த்தாள்.

"எங்க? எல்லாரும் எங்கீங்க? எங்க நிக்குது?"

"எது? ஒண்ணுமில்ல புள்ள" என்றார் ரைட்டர், விழித்துக்கொண்டு. "பழைய சட்டை போட்டேன். பையில கெடந்துச்சு. எடை நேரமாச்சேன்னு கை தன்னப்போல எடுத்து ஊதிருச்சு. ஒருத்தியும் வரக் காணோம்!"

மேலே லைனிலிருந்து வேலம்மாளின் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

"கலாவ்! மாடு எங்க புள்ள நிக்குது? நாங்க எல்லாரும் வந்துட்டோம், ஒருத்தியும் கொறையல! நீ எங்க இருக்கற?"

கலா தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தேன், இரண்டும்தான். பிறகு ரைட்டரிடம் கையை நீட்டினாள். அவர் தன் விசிலை அதில் வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து, வேர்மேல் கிடந்த சுத்தியலை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

மேலே செடிகள் அசையத் தொடங்கின.