குளிர விடாத கோயில்

ஸ்ரீஸ்கந்தராசா பொல்லாத பிடிவாதக்காரர். ஒஸ்லோவில், வெஸ்ட்லிக்குப் போகும் மெட்ரோப் பாதைக்கு மேலே நிற்கும் சின்ன மரத் தேவாலயத்தை இருபத்திரண்டு வருடமாகப் பராமரிக்கிறார். கூட்டுவது, துடைப்பது, மணியடிப்பது, சூடேற்றுவது எல்லாம் அவர்தான். திருநீற்றோடு வந்து சிலுவையைத் துடைக்கிற மனிதரைச் சபையார் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள். பிறகு அவரில்லாவிட்டால் கதவுத் திறப்பு எங்கே என்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்றாகிவிட்டது.

கட்டடம் 1884இல் எழும்பியது. முழு மரத்தடிகளை அடுக்கிய சுவர், கற்பலகைக் கூரை, உள்ளே விட்டத்தில், யாரோ மாலுமி நேர்த்திக்காகத் தொங்கவிட்ட ஒரு சின்ன மரக்கப்பல். பிரசங்க மேடை மட்டும் இன்னும் இருநூறு வருடம் மூத்தது, முன்பு அங்கே நின்ற பழைய தேவாலயத்திலிருந்து எடுத்து வைத்தது. அதன் நான்கு பலகைகளிலும் நான்கு சுவிசேஷகர்களை வரைந்திருந்தார்கள். காளையோடு இருக்கும் லூக்காவில் அவருக்குத் தனிப் பிரியம். நந்தியின் நினைவு வரும்.

முன்பு அந்த வேலையிலிருந்த மார்க்கஸ் ஒரு கொப்பியில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றார். ஆராதனை நாளில் மட்டும், மெல்ல மெல்ல, கொஞ்சமாகச் சூடேற்றவும் என்று அதில் இருந்தது. இவர் அதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட்டார். சாமி இருக்கிற இடம் விறைத்துக் கிடப்பதா? குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் ஹீற்றரை உச்சத்தில் வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிறுத்தினார். சூடு ஏற ஏற மரம் டக், டக் என்று சத்தம் போடும். "அது என்னோடை கதைக்குதப்பா" என்று மனைவி சிவகாமியிடம் பெருமையடிப்பார்.

போன வருடம் ஞாயிறுகளில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பிரசங்க மேடை ஓவியங்கள் மதிப்புள்ளவை என்று தேறினால் அவற்றுக்காகவாவது கோயிலை விட்டுவைப்பார்கள் என்பதே ஒரே நம்பிக்கை. அதைப் பார்த்துச் சொல்ல, சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, எமிலியா என்ற நிபுணர் வந்தார். வருகிறவருக்குக் குளிரக்கூடாதென்று இவர் முதல் நாளே சூடேற்றி வைத்திருந்தார்.

எமிலியா முழந்தாளிட்டு, டோர்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு சூடு வைப்பது யார், எத்தனை காலமாக என்று கேட்டார். நான்தான், இருபத்திரண்டு வருடம் என்று இவர் மனநிறைவோடு சொன்னார்.

எமிலியா டோர்ச்சை அணைத்துவிட்டு மென்மையாகவே விளக்கினார். சூட்டில் மரம் காய்ந்து சுருங்கும், ஆறினால் ஈரம் குடித்து ஊதும். பழைய வர்ணத்தால் அதோடு இழுபட முடியாது, உதிர்ந்துவிடும். லூக்காவின் காளைக்கு இப்போது முகமே இல்லை. வயதானால் மங்கத்தானே செய்யும் என்று இவர் இருந்துவிட்டார். சனிக்கிழமைகளில் தூசி என்று கூட்டி அள்ளிக் கொட்டியது அந்த முகத்தைத்தான். இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் எமிலியா. இவரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

வசந்தத்தோடு கோயிலை மூடுவதென்று முடிவாகும், அதில் சந்தேகமில்லை. அவர் ஹீற்றரை நிறுத்திவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார்.

சிவகாமி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, இண்டைக்கும் கதைச்சதோ என்று கேட்டாள்.

அவர் குளிர் அங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"அது கதைக்கேல்லை, சிவகாமி. வெடிச்சுக்கொண்டு இருந்திருக்கு. நான் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."