வழியா, வரப்பா

எங்கள் சாருக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் கொஞ்சம் தடுமாறுவார். 'வ'வில் வந்து மாட்டிக்கொண்டால் மட்டும் கழுத்து நரம்பு புடைத்துவிடும். வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவர் சொல்ல வந்த சொல்லை வேறு யாரும் முடித்து வைக்கக் கூடாது. நானோ அவசரக்குடுக்கை. சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது என்னால் சும்மா இருக்க முடியாது, சொல்லிவிடுவேன். உடனே சுட்டுவிரலை உயர்த்துவார். நான் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். பெண் பிள்ளை என்ற சலுகையெல்லாம் கிடையாது.

தினமும் காலையில் நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வ... வழியில ஆராவது மறிச்சாவளா?" என்பதுதான்.

கேட்கக் காரணம் இருந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வயல்களின் நடுவே ஒரு பாதை. எங்கள் சாதிப் பிள்ளைகள் அதில் நடப்பது வயல்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆள் வைத்து மறித்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தே விட்டார். அது வழியே இல்லை, தன்னுடைய வரப்பு என்றார். நாங்கள் சுற்றிப் போய் ஆற்றில் இறங்கிக் கடந்தோம். மழை பிடித்தால் அதுவும் நடக்காது.

எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்பா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "கேசு தோத்துதுன்னா நீ வீட்டுல இரி, மக்கா. ஆத்து வெள்ளத்துல உன்ன விட முடியாது."

சாட்சி சொல்கிறோம் என்று துள்ளியவர்கள் எல்லாம் வயல்காரரிடம் கூலிக்குப் போகிறவர்கள். ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது பேச்சு வராத எங்கள் சார் மட்டும்தான்.

அப்பா என்னையும் கூட்டிப் போனார். முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூண்டில் சார் வியர்த்து நின்றார். வயல்காரரின் வக்கீல் நல்ல மரியாதையான குரலில்தான் கேட்டார். "பிள்ளைகள் நடந்து வந்தது எதன் மேல்?"

"வ..." என்றார் சார். நின்றுவிட்டது.

யாரோ சிரித்தார்கள். வக்கீலும் புன்னகை செய்தார். "வரப்பு மேல். சாட்சி அதைத்தான் சொல்ல வருகிறார்."

முன்சீப்பின் பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. அந்த ஒரு சொல் எழுதப்பட்டால் என் படிப்பு அதோடு சரி. வழி, வழி என்று கத்த வாயைத் திறந்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

சார் வக்கீலைப் பார்த்துச் சுட்டுவிரலை உயர்த்தினார். வகுப்பில் எனக்கு உயர்த்துவாரே, அதே விரல். வக்கீலுக்குப் புரிந்ததோ இல்லையோ, வாய் மூடிக்கொண்டது. பேனாவும் நின்றது. சார் கண்ணை மூடினார். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. மறுபடி துடித்தது.

"வ... வழி," என்றார். 'ழ' அவ்வளவு சுத்தமாக விழுந்தது. "வரப்பு இல்ல. வழி."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. முள்ளைப் போட்டவர்களே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த வக்கீல் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. அடுத்தவர் வாயில் சொல்லைத் திணிக்கிற ஆள் அந்த இடத்தில் நின்றால், அதைத் தடுக்கிற ஆளாக நானும் அங்கே நிற்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

சொல்ல எளிது. சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும், உன்னை யார் கட்டுவான் என்றார் சித்தப்பா. கல்லூரியில் நான் எழுந்தால் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பொம்பளைக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று ஒரு பெரிய வக்கீல் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

எல்லாம் தாண்டி, வக்கீல் சன்னது கைக்கு வந்ததும் அந்தப் பாதை வழியாகவே நடந்து சார் வீட்டுக்குப் போனேன். விவரம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வந்தார்.

"வ..."

வக்கீலம்மா என்று கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் விரலை உயர்த்த வேண்டி வரவில்லை.

"வ... வழியில ஆராவது மறிச்சாவளா, மக்கா?"

"நெறய பேரு மறிச்சாவ, சார்," என்றேன். "வந்துட்டேன்."