ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பேசியவர்

மரியாதையாகப் பேசியே ஒருவரைத் தோற்கடிக்க முடியுமென்றால், அந்தப் பேச்சை மரியாதை என்று சொல்லலாமா? வேலுமணி விக்கெட் கீப்பிங் செய்வதைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்களை விரட்டுவதுதான் சூப்பர்வைசர் வேலை என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் யாரையும் அதட்டியதில்லை. மெஷின் ஓரமாகப் போய் நின்று, "ஏனுங் கண்ணு, இந்த பண்டலு இன்னிக்கு முடியுமுங்களா, இல்ல ஆடி நோம்பிக்குப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்பார். தைக்கிறவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் அதே குரலோடு கையுறை மாட்டி, ஸ்டம்புக்குப் பின்னால் குந்துவார்.

அவர் ஆடிய அணியின் பெயர் வேலம்பாளையம் லெவன். மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷன். சாயப்பட்டறை ஒன்று மூடிப்போன இடத்தில், கல் பொறுக்கிச் சமன் செய்த மைதானத்தில் பனியன் கம்பெனி ஆட்கள் தொடங்கிய அணி. இன்றுவரை அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. எந்த எக்ஸ்போர்ட் ஆர்டர் கேன்சல் ஆகிறதோ அந்தச் சரக்குதான் அந்த வருடத்துச் சட்டை. ஒரு வருடம் நெஞ்சில் கலைமான் போட்ட கிறிஸ்துமஸ் டீ-ஷர்ட்டோடு சித்திரை வெயிலில் ஆடினார்கள். இன்னொரு வருடம் வந்தது வெளிநாட்டு அளவு. இருந்ததிலேயே சின்ன சைஸ்கூட முட்டியைத் தொட்டது. அந்த வருடம் முழுக்க எதிரணிகள் அவர்களை 'நைட்டி டீம்' என்றே அழைத்தன. அந்த வருடம்தான் அவர்கள் அதிகமாக ஜெயித்ததும்.

கட்டிங் மாஸ்டர் திருமூர்த்தி கேப்டன். சுழற்பந்து போடுகிறவர் முருகேஷ், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். விக்கெட் விழாவிட்டால் பந்தைத் திட்டுவார், விழுந்தால் பேட்ஸ்மேனைத் திட்டுவார். வேலுமணியைப் பெரிய கீப்பர் என்று சொல்ல முடியாது. லெக் பக்கம் போகும் பந்து, பாதி நேரம் அவரைக் கேட்காமலே பவுண்டரிக்குப் போய்விடும். பேட்டிங்கில் கடைசியாக இறங்குவார். அதற்கும் கீழே ஓர் இடம் இருந்திருந்தால் அதில் இறங்கியிருப்பார். அணியில் அவருடைய இடத்தைக் காப்பாற்றியது அவருடைய வாய்.

எல்லா ஊரிலும் கீப்பர்கள் பேட்ஸ்மேனைச் சீண்டுவார்கள். வேலுமணி உபசரிப்பார். "வாங்க, வாங்க. வெயிலுங்க இன்னிக்கு. போன வாரம் நீங்க சீக்கிரமே ஊட்டுக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க, சங்கட்டமாப் போச்சுங்க." பந்து பேட்டைத் தாண்டி வந்தால், "பரவால்லீங்க, அடுத்ததுக்கு ஆவும். அவசரமில்லீங்க" என்பார். வட நாட்டுத் தொழிலாளர்கள் அணி ஒன்று லீக்கில் சேர்ந்தபோது, இவருடைய தமிழ் அவர்களிடம் செல்லாது என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். அவர் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பீகார்க்காரரிடம் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்தார். ஹிந்தியிலும் மரியாதைப் பன்மை உண்டு என்று அறிந்ததில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

ஒருமுறை பல்லடத்து பேட்ஸ்மேன் ஒருவர் பேட்டைக் கீழே போட்டுவிட்டு அம்பயர் சாமியப்பனிடம் போனார்.

"இவரு ரொம்பப் பேசறாருங்க."

"கெட்ட வார்த்தையா?"

"இல்லீங்க. 'நல்லா நின்னுக்குங்க, பந்து உங்களைப் பாக்கத்தான் வருது'ன்னாரு."

"அதுல என்னுங்க தப்பு?"

"அதுதானுங்க தெரியல!"

அடுத்த பந்தில் அவர் ஆட்டமிழந்தார். வேலுமணி அவரோடு சில அடி கூடவே நடந்து வழியனுப்பி வைத்தார்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவே அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் மண்ணில் விரித்த பாயின் மேல் நடப்பவை. முதல் டிவிஷனில்தான் புல் வளர்த்து உருளை ஓட்டிய நிஜமான ஆடுகளம், டர்ஃப். அதில் ஒரு சீசனாவது நிற்க வேண்டும் என்றார். முட்டிகள் இரண்டும் தேய்ந்திருந்தன. அவர் மனைவி சித்ராதேவி, ஞாயிறு காலையில் தைலத்தைக் கையில் கொடுத்தபடி, "அடுத்த வருசமும் குந்துனீங்கன்னா, தூக்கி உடறதுக்கு நாலு ஆளக் கூட்டியாரணுமுங்க" என்பார். அடுத்த வருடத்தோடு சரி என்று வேலுமணியும் மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே இந்த வருடம் அணி முதல் டிவிஷனுக்குப் போனால்தான் அந்த ஆசை நடக்கும். கம்பெனியில் டீ நேரத்தில்கூட அவர் டர்ஃப், டர்ஃப் என்றே பேசிக்கொண்டிருந்தார்.

போவதற்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. எதிரணி மங்கலம். ஜெயிக்கிற அணி மேலே போகும்.

மங்கலத்துக்கு ஒன்பது ரன் தேவைப்பட்டபோது அவர்கள் கையில் ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர் யுவன். விசைத்தறி வீட்டுப் பிள்ளை, கல்யாண வயது, ஒல்லி. வேலுமணி தன் வேலையை எப்போதோ தொடங்கியிருந்தார்.

"ஏனுங் கண்ணு, லேட்டாகும்னு ஊட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

இப்படிக் கேட்டால் பேட்ஸ்மேன்கள் முறைப்பார்கள், அல்லது கேட்காததுபோல் நிற்பார்கள். யுவன் திரும்பிப் பார்த்து, "சொல்லிட்டுத்தானுங்ணா வந்தேன்" என்றார்.

"கையெல்லாம் நடுங்குதாட்ட இருக்குதுங்க?"

"ஆமாங்ணா. காலைல இருந்தே அப்படித்தானுங்."

ஸ்லிப்பில் நின்ற திருமூர்த்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலுமணி அடுத்து என்ன சொல்வதென்று யோசித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக அவர் பிறகு சொன்னார். இன்னும் ஒன்றிரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தார் வேலுமணி. ஒவ்வொன்றுக்கும் முறையான பதில் வந்தது. "முட்டி வலிக்குதுங்களாங்ணா? குந்தும்போது சத்தம் கேக்குது" என்று யுவன் ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்டார். வேலுமணி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த பந்தை முருகேஷ் நன்றாகவே போட்டார். யுவன் தடுத்தார். பந்து அவர் காலடியிலேயே நின்றது. வேலுமணி ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு எழ முயன்றார். யுவன் குனிந்து பந்தை எடுத்து, வலக்கையில் வைத்து, இடக்கையால் முழங்கையைத் தொட்டபடி, பெரியவர்களுக்கு எதையும் கொடுக்கிற விதத்தில் நீட்டினார். "இந்தாங்ணா."

வேலுமணி வாங்கிக்கொண்டார்.

முருகேஷ் போட்ட கூச்சல் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேனையே வெளியே கொண்டுவந்தது. முருகேஷ் அவுட் கேட்டது சரிதான். ஆட்டத்திலிருக்கும் பந்தை, ஃபீல்டிங் செய்கிறவர் யாராவது சம்மதிக்காமல், பேட்ஸ்மேன் எடுத்துக் கொடுத்தால் அவர் அவுட். சம்மதம் இருந்தால் அவுட் இல்லை. விதி அவ்வளவுதான். யுவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மங்கலத்துக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். திருமூர்த்தி ஏற்கெனவே ஓடிப்போய் முருகேஷைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

சாமியப்பன் மெதுவாக நடந்து வந்தார். "ஏனுங்க வேலுமணி, பந்தை எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

வேலுமணி கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தார்.

"ஆமாங்க. நாந்தானுங்க கேட்டேன்."

திருமூர்த்தி முருகேஷை அப்படியே கீழே விட்டார்.

ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு ஓவர் கழித்து, ஸ்லிப்புக்கும் வேலுமணிக்கும் நடுவே யுவன் தட்டிவிட்ட பந்து பவுண்டரிக்குப் போனது. மங்கலம் மேலே போனது.

அன்று மாலை மங்கலத்துக்காரர்கள் இரண்டு அணிகளையும் உட்காரவைத்து பிரியாணி போட்டார்கள். சாப்பிட மாட்டேன் என்று வாசலிலேயே நின்ற முருகேஷ், வாசனை வந்ததும் உள்ளே வந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். யாரோ பறை கொண்டுவந்தார்கள். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒன்றாக ஆடினார்கள். திருமூர்த்தி வேலுமணியின் குரலில் பேசிக் காட்ட, யுவன் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் வேலுமணி.

முருகேஷுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்ணே, நான் போட்ட பந்து. ஸ்லிப்புல நின்ன மனுசனுக்கு ஒரு சத்தமும் கேக்கலேங்காரு. நெசமாவே நீங்க கேட்டீகளா?"

"முருகேசு, அந்தத் தயிர் வெங்காயத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க."

"டர்ஃபு டர்ஃபுன்னு ஒரு வருசமா எங்க உசுர வாங்குனீகளேண்ணே!"

வேலுமணி தயிர் வெங்காயத்தைப் போட்டுக்கொண்டார். முருகேஷ் பிறகும் பலமுறை கேட்டார்; சித்ராதேவியும் கேட்டார். இன்றுவரை வேலுமணி யாருக்கும் சொல்லவில்லை.