கால்வாயில் வந்த பன்னிரண்டாவது பொம்மை

நான் பல் செய்கிறவன். பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கானில் பல் செய்து, சூளையில் சுட்டு, திருப்பி அனுப்புகிறவன். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால் முறுக்கு கடிக்கிறார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அதில் வருத்தம் இல்லை. பல் பொருந்தாவிட்டால் அவர்கள் திட்டுவதும் மருத்துவரைத்தான்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. பீங்கான் பொம்மை சேர்ப்பவள். அவள் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் தலைமை ஆசிரியை ஓய்வுபெற்றுப் போகும்போது தன் மேசையில் இருந்த வெளிநாட்டுப் பொம்மை ஒன்றை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தொடங்கியது. முகமும் கைகால்களும் பீங்கான், உடம்பு துணி, உள்ளே பஞ்சு, தலையில் ஒட்டிய முடி. நல்ல பொம்மை என்றால் பின்கழுத்தில் அச்சு எண் பொறித்திருக்கும். மற்றவர்கள் பொம்மையின் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் முடியைத் தூக்கிக் கழுத்தைப் பார்ப்பாள். பதினெட்டு வருடத்தில் பதினொரு பொம்மைகள் சேர்ந்தன. நவராத்திரிக்கு வந்த என் தங்கை கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்த சாமி மைனி?" என்று கேட்டாள். பிள்ளை இல்லாத ஏக்கத்தில்தான் பொம்மை வாங்குகிறாள் என்று சொந்தக்காரர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. எங்களுக்கு ஒரு மகன் உண்டு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவன் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பொம்மைகளைப் பிடிக்காது. சாப்பிடும்போது பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும். பகலெல்லாம் பீங்கானைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பீங்கான்.

எங்கள் வீட்டின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய். மேலப்பாளையத்தைக் கடந்து எங்கள் பக்கம் வருகிற கால்வாய். அந்த மார்கழித் தொடக்கத்தில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தபோது, அது மதிலைத் தாண்டி அடுப்படி வழியாக உள்ளே வந்தது. கரண்டைக்கால் அளவு தண்ணீர் வந்தபோது நான் சிலிண்டரையும் அரிசி வாளியையும் மாடிக்குத் தூக்கினேன். அவள் பொம்மைகளைத் தூக்கினாள், நடைக்கு ஒன்றாக. "ரெண்டு ரெண்டா கொண்டு போ" என்றேன். "இடிச்சுக்கிடும்" என்றாள். நாலாவது நடையில் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொம்மையை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருந்தால் கை தப்பியிருக்கும் என்று பிறகு கட்டுப்போட்ட மருத்துவர் சொன்னார். "அது தப்பியிருக்காதே" என்று அவரிடம் பதில் சொன்னாள்.

மழை விட்ட இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. தரையெங்கும் உள்ளங்கால் புதையும் அளவுக்குச் சேறு. தெருவில் எல்லா வாசலிலும் மெத்தையும் பீரோவும் வெளியே வந்து கிடந்தன. அவள் கையில் கட்டோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முதலில் பொம்மைகளைப் பொறுக்கச் சொன்னாள். அலமாரி குப்புற விழுந்திருந்தது. சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி, கிடைத்ததையெல்லாம் ஒரு முறத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எட்டு."

"ஏழுதான இருக்கணும்? நாலு மாடியில இருக்கு."

"எட்டு இருக்கு."

"நல்லா எண்ணுங்க."

மறுபடி எண்ணினேன். எட்டுதான். கடைசியாகக் கிடைத்தது அலமாரிப் பக்கம் இல்லை. பின்வாசல் கம்பிக் கதவில் சிக்கியிருந்தது. அவள் இடது கையால் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்பர் இல்ல. இது நம்மளுது இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல எல்லாருக்கும் சாமான் போயிருக்கு. நமக்கு மட்டும் கூடியிருக்கு. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

மின்சாரம் வரவில்லை, எனக்கு வேலையும் இல்லை. அவளுக்குக் கை இல்லை. ஆகவே பொம்மைகளைக் கழுவும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாடியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். முதலில் உடுப்பைக் கழற்ற வேண்டும். பிறகு கழுத்தில் கட்டிய நூலை அறுத்துத் தலையைத் தனியே எடுக்க வேண்டும். தலையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. மெருகிடாத பீங்கான் என்பதால் சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிடும். சுத்தமான பஞ்சில் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தொட்டு, நெற்றியிலிருந்து கீழே பைய ஒற்றி எடுக்க வேண்டும். மூக்குத் துளையிலும் காதுமடலிலும் சேறு அடைத்திருந்தது. அதற்குப் பல் செதுக்கும் ஊசியைக் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஊசியை ஒரு மூக்கில் விட்டேன்.

"கண்ணிமைகிட்ட தேய்க்காதீங்க. அது வரைஞ்சது. போயிரும்."

"தேய்க்கல."

"தேய்க்குதீங்க. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்."

பட்டு உடுப்புகளைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசினோம். உடம்பிலிருந்த பஞ்சையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். கொடியில் எட்டுத் துணி உடம்புகள் தலையில்லாமல் வரிசையாகக் காய்ந்தன. எதிர்வீட்டு அண்ணாச்சி தன் மாடிக்கு வந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப்போனார்.

இரண்டு பொம்மைகள் பிழைக்கவில்லை. ஒன்றின் முகம் நான்காகப் பிளந்திருந்தது, இன்னொன்றின் முகமே கிடைக்கவில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, அடுத்ததை எடுங்க" என்றாள். அடுத்தது அந்த எண் இல்லாத பொம்மை.

கடைத்தெருப் பொம்மைதான். நீலக் கண், பழுப்பு முடி, வெளுத்த ரோஸ் நிறப் பாவாடைச் சட்டை. வலது கையில் சுண்டுவிரல் இல்லை. அவள் தன் பொம்மைகளுக்குச் சொன்னதைவிட இதற்கு அதிகமாகப் பக்குவம் சொன்னாள். "அடுத்தவிய சாமான். நம்மகிட்ட இருக்கும்போது ஒண்ணு குறையக் கூடாது" என்றாள். விரல் வெள்ளத்தில்தான் போயிருக்கும் என்று இருவருமே நினைத்தோம். விரலைச் செய்வதென்று முடிவானது.

பல்லுக்குப் பதினாறு நிறம் உண்டு. விரலுக்கு ஒன்றும் கிடையாது. மின்சாரம் வந்து வேலை தொடங்கியதும் பல் நிறப் பொடியில் ஈறு நிறப் பொடியைக் கலந்து பார்த்தேன். சூளையில் வைத்தால் பீங்கான் சுருங்கும். ஆகவே விரலைக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்து, ஒரு ஓய்வுபெற்ற தாசில்தாரின் மூன்று கடைவாய்ப் பற்களோடு சேர்த்துச் சுட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

"கோரப்பல் மாதிரி இருக்கு" என்றாள்.

இரண்டாவது ஈறாகவே வந்தது. மூன்றாவது கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. நாலாவதை வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அது பெரிய பாராட்டு. முறிந்திருந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டினேன். நகம்கூட இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு சொந்தக்காரரைத் தேடினோம். தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டோம். முகத்தை மட்டும்தான் எடுத்தோம். கையைப் பற்றிக் கேட்டால்தான் உண்மையான ஆள் தெரியும் என்பது அவள் யோசனை. மறுநாளே ஒருவர் பேசினார்.

"அது எங்க வீட்டுப் பொம்மதான் டீச்சர்."

"என்ன அடையாளம்?"

"பொம்ம மாதிரி இருக்கும்."

இன்னொருவர் அது பேசும் என்றார். எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டோம்.

படம் குழுக்குழுவாகக் கைமாறி மேலப்பாளையத்துக்குப் போயிருக்கிறது. பத்து நாள் கழித்து ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கால்வாய்க் கரையோரம் வீடு, கீழ்த்தளம் முழுக்க முங்கிவிட்டது என்றார். அவர் கணவர் சவூதியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, எட்டு மாதத்தில் இறந்துபோனாராம். முதல் விடுப்பில் மகளுக்குக் கொண்டுவந்த பொம்மை.

மனைவி உள்ளே போய்ப் பொம்மையை எடுத்துவந்தாள். துவைத்து இஸ்திரி போட்ட பாவாடை, சீவிய முடி. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். முகம் மலர்ந்தது. பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தார். முகம் அப்படியே மாறிவிட்டது. பொம்மையை மேசையில் வைத்தார்.

"இது எங்களுது இல்லக்கா. அச்சு அசலா அப்படியே இருக்கு. ஆனா எங்க பொம்மைக்கு ஒரு விரலு கிடையாது."

எழுந்து செருப்பைத் தேடினார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"அந்த விரல் நான் செஞ்சது" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வெள்ளத்துல போயிட்டுன்னு நினைச்சோம்" என்றேன்.

அவர் திரும்ப உட்கார்ந்தார். "வெள்ளத்துல போகல. எம் மவ ரெண்டு வயசுல கடிச்சு முழுங்கிட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வாழப்பழம் குடுங்க, தன்னால வரும்னுட்டாவ. மூணாம் நாளு வந்துச்சு. அதுக்குள்ள அவ வாப்பா திரும்பிப் போற நாளு வந்துட்டு, பிளேன் ஏறிட்டாவ. அங்கன இறங்கினதும் போன் பண்ணி மொத கேள்வி, விரலு வந்துட்டான்னு. அதுக்கப்புறம் இருபது வருஷம், எப்ப போன் பண்ணினாலும் மவகிட்ட மொதல்ல, 'விரலு வந்துட்டா?'ன்னுதான் கேப்பாவ. சலாம்கூட அதுக்கப்புறந்தான். அவ காலேஜ் போகும்போதும் கேட்டாவ. கல்யாணத்தன்னைக்கும் கேட்டாவ."

அவர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "அந்த விரல எடுத்துற முடியுமா அண்ணாச்சி?" என்றார்.

அந்தப் பசை சாதாரணமாக விடாது. விடாது என்பதற்காகத்தான் அதை வாங்கினேன். பொம்மையை என் வேலை அறைக்குக் கொண்டுபோய்ச் சின்ன மோட்டாரில் மெல்லிய சக்கரத்தை மாட்டி, தண்ணீர் விட்டு விட்டு அரை மணி நேரம் அறுத்தேன். நான்கு முயற்சியில் வந்த விரல் தூளாகிப் போனது. வீட்டுக்குத் திரும்பியபோது இருவரும் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டு யார் வீட்டில் என்னென்ன போனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுவதற்காக முறிந்த இடத்தைத் தேய்த்துவிட்டேன், பழைய முறிவு இப்போது அப்படியே இருக்காது, பல் தடம் ஏதும் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

"பரவால்ல அண்ணாச்சி. விரலு இல்லன்னா போதும்."

அங்கேயே மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். மகள் துபாயில் ஏதோ அலுவலக வராந்தாவில் நின்று பேசினாள். "கையக் காட்டு உம்மா" என்றாள். அம்மா காட்டினார். அந்தப் பக்கம் முதலில் சிரிப்புக் கேட்டது. பிறகு அது சிரிப்பு மாதிரி இல்லை. மனைவி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு பேரும் சேறு படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"விரல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மெதுவாக.

"ம்" என்றேன்.

கட்டுப் பிரித்த பிறகு மனைவி மேலப்பாளையத்துக்கு ஒருமுறை போய்வந்தாள். அங்கே வளைகுடாவிலிருந்து வந்த பொம்மை இல்லாத வீடு குறைவாம். பல வீட்டுப் பொம்மைகளிலும் சேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நான் ஊசியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். எதையெல்லாம் சரிசெய்யக் கூடாது என்று முதலில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் வந்த பொம்மைக்குப் படுக்கவைத்தால் ஒரு கண் மட்டும் மூடுகிறது. இன்னொன்று திறந்தே இருக்கிறது. உள்ளே கம்பி துருவேறியிருக்கும், துருவை எடுத்துவிடலாம் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் கொண்டுவந்தவர். "எங்க மாமி அப்படித்தான் தூங்குவாவ."

எழுதிக்கொண்டேன்.